மீக்குளிர் அணுக்களைப் படமெடுத்தல்: ஒரு ஃபோட்டானின் விலை

100 நானோகெல்வின் வெப்பநிலையில் இருக்கும் ரூபிடியம் அணுக்கூட்டத்தில் ஓர் அணு, ஏதேனும் ஒரு திசையில், விநாடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எறும்பு அதைவிட வேகமாக ஊரும். அந்த அணு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரே ஒரு ஃபோட்டானை விழுங்கினால், அந்த உதையில் அதற்குக் கூடும் வேகம் விநாடிக்கு 5.9 மில்லிமீட்டர். லேசர்களையும் காந்தப்புலங்களையும் வைத்துப் பல விநாடிகள் பாடுபட்டு உண்டாக்கிய குளிரை ஒரு ஃபோட்டான் கணத்தில் கெடுத்துவிடுகிறது. ஆனால் ஓர் அணுவைக் கேமராவில் பார்ப்பதற்கு ஒரு ஃபோட்டான் போதாது. நூறு வேண்டும், சில முறைகளில் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

மீக்குளிர் அணு இயற்பியலில் படமெடுக்கும் கலை கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்த வரலாறு இந்தக் கணக்கைச் சமாளித்த வரலாறுதான். நல்ல லென்ஸ், நல்ல கேமரா வந்ததால் படம் தெளிந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். அது பாதி உண்மை. பெரிய முன்னேற்றங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அணுக்களைப் படத்துக்குத் தயார் செய்வதில் நடந்தவை: விரியவிடுவது, உறையவைப்பது, பெருக்கிக் காட்டுவது. மிச்சம், எடுத்த படத்திலிருந்து பொய்யைக் களைவதில் நடந்தது. பேசப்படாத பங்கு இதுதான். எனவே இங்கே அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறேன்.

1924-இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையில் தொடங்கி, ஐன்ஸ்டைன் அடுத்த ஆண்டு முன்னுரைத்த செறிபொருள், அதாவது அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் குவியும் பொருள், 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகத்தில் உண்டானது. எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரின் குழு சுமார் 2,000 ரூபிடியம் அணுக்களை 170 நானோகெல்வினுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. பாடநூல்களில் எல்லாம் இடம்பெற்ற அந்தப் படத்தில் மூன்று வண்ண மலைகள் இருக்கும். நடுவில் ஓர் உச்சி மெல்ல எழும். அது அணுக்கூட்டத்தின் உருவம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வேகங்களின் வரைபடம். அணுக்களைப் பிடித்துவைத்திருந்த பொறியை அணைத்து, கூட்டத்தை விழவும் விரியவும் விட்டு, பிறகு எடுத்த நிழற்படம் அது. வேகமான அணு தொலைவில் இருக்கும், மெதுவான அணு நடுவிலேயே நிற்கும். ஆகவே விரிந்தபின் ஓர் அணு இருக்கும் இடமே அதன் வேகத்தைச் சொல்லிவிடும்.

நிழற்படம் என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்லப்படுகிறது. அணு உட்கவரக்கூடிய அதே அதிர்வெண்ணில் ஒரு மெல்லிய லேசர் துடிப்பை, சில பத்து மைக்ரோவிநாடிகளுக்கு, கூட்டத்தின் ஊடாக அனுப்புகிறார்கள். அணுக்கள் வெளிச்சத்தை விழுங்க, கேமராவில் நிழல் விழுகிறது. பிறகு அணுக்கள் இல்லாமல் ஒரு படம், லேசரும் இல்லாமல் இருட்டில் ஒரு படம். இருட்டை இரண்டிலிருந்தும் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மடக்கை எடுத்தால் ஒவ்வொரு படப்புள்ளியிலும் எத்தனை அணுக்கள் என்று வந்துவிடும். ஓர் அணு வெளிச்சத்துக்குக் காட்டும் குறுக்குப்பரப்பு அதன் அலைநீளத்தை மட்டுமே சார்ந்தது, ரூபிடியத்துக்கு 0.29 சதுர மைக்ரோமீட்டர். அணுவின் உண்மையான அளவோடு ஒப்பிட்டால் இது பல லட்சம் மடங்கு பெரிது. அதனால்தான் இவ்வளவு மெல்லிய வாயுவும் நிழல் தருகிறது.

சிக்கல், நிழல் தேவைக்கு மேல் கறுப்பாக இருப்பதில் தொடங்குகிறது. பொறிக்குள் இருக்கும் செறிபொருளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10-இன் 14-ஆம் அடுக்கு அணுக்கள் இருக்கலாம். 10 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு இதைக் கணக்கிட்டால் ஒளியடர்த்தி, அதாவது அந்த மடக்கையின் அளவு, 300-ஐ நெருங்கும். மூன்று, நான்குக்கு மேல் எந்தக் கேமராவும் நம்பகமாக அளக்க முடியாது. அதற்கப்பால் எல்லாம் ஒரே கறுப்பு. போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் நுண்ணமைப்புகள் வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடச் சிறியவை. செறிபொருளைக் கலக்கினால் உண்டாகும் சுழல்களின் மையம் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. விரியவிடுவது இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து. 20 மில்லிவிநாடி விழவிட்டால் கூட்டம் 2 மில்லிமீட்டர் கீழே போகும், அதற்குள் பல மடங்கு பெருத்து நீர்த்துவிடும். 1997-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வோல்ஃப்காங் கெட்டர்லே குழு இரண்டு செறிபொருள்களை இப்படி விரியவிட்டு ஒன்றோடொன்று மோதவைத்தபோது, 15 மைக்ரோமீட்டர் இடைவெளியில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழுந்தன. பருப்பொருள் அலையாக நடந்துகொள்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி அன்று இல்லை. 2001-இல் அதே கழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சுழல்கள் முக்கோண ஒழுங்கில் நின்ற படமும் விரிவுக்குப் பின் எடுத்ததுதான்.

நிழலைக் கணக்காக மாற்றும் அந்த எளிய வகுத்தலில் எங்கெல்லாம் பொய் நுழைகிறது? லேசரின் செறிவு கூடினால் அணு நிறைவுற்றுவிடும். அதற்குமேல் வந்த வெளிச்சத்தை அது விழுங்காமல் விடுவதால் நிழல் வெளுத்து, அணுக்களின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படும். லேசரின் முனைவாக்கமோ காந்தப்புலமோ சற்று பிசகினால், குறுக்குப்பரப்பு பாடநூல் சொல்லும் அளவில் இருக்காது. பிறகு அந்தப் பழைய உதை. நிறைவுச் செறிவில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில்கூட 50 மைக்ரோவிநாடிக்குள் ஒரு ரூபிடியம் அணு 80-க்கு மேற்பட்ட ஃபோட்டான்களைச் சிதறடிக்கும். அதற்குள் அது விநாடிக்கு அரை மீட்டர் வேகம் பெற்று, லேசர் போகும் திசையில் 10 மைக்ரோமீட்டருக்கு மேல் தள்ளப்பட்டிருக்கும். நுண்மையான லென்ஸ் என்றால் குவியத்தைவிட்டே வெளியேறியிருக்கும். லித்தியம் இன்னும் மோசம்: எடை குறைவு என்பதால் ஒரு ஃபோட்டானுக்கே விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகம் கூடுகிறது, நாற்பது ஃபோட்டான்களில் டாப்ளர் விலகல் அதன் ஒத்ததிர்வு அகலத்தையே தாண்டிவிடும், பிறகு அது லேசருக்குக் கண் தெரியாத அணு.

2007-இல் பாரிஸில் ஒரு குழு இதைத் தலைகீழாக அணுகியது. நிறைவு ஏற்படுகிறது என்று அஞ்சி வெளிச்சத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, நிறைவுச் செறிவைவிடப் பல மடங்கு கூட்டி, கூட்டத்தை ஓரளவு ஒளி ஊடுருவவிட்டு, நிறைவையும் சேர்த்துக் கணக்கிடும் சமன்பாட்டைப் பயன்படுத்தியது. இதற்கு வேண்டியது ஒரே ஒரு திருத்தக் குணகம். அதைக் கண்டுபிடிக்கும் வழி அழகானது: ஒரே மாதிரி அணுக்கூட்டத்தை வெவ்வேறு செறிவுகளில் படமெடுத்து, எல்லாப் படங்களும் ஒரே எண்ணிக்கையைச் சொல்லும்படி குணகத்தைத் தேர்ந்தெடுப்பது. புதுக்கருவி எதுவும் வாங்காமல், அடர்த்தியான கூட்டங்களை விரிவில்லாமலே அளக்க வழி பிறந்தது.

அடுத்த பொய் குறுக்கீட்டுப் பட்டைகள். லேசர் ஒளி ஒத்திசைவுள்ளது. கண்ணாடிச் சாளரம், லென்ஸ், கேமராவின் மேல்மூடி என்று எதில் சிறிது பட்டுத் திரும்பினாலும் படத்தில் கோடுகளும் வளையங்களும் விழும். அணுவுள்ள படமும் அணுவில்லாத படமும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருந்தால் வகுத்தலில் அவை அடிபட்டுப் போகும். இரண்டுக்கும் இடையே பல மில்லிவிநாடி இடைவெளி இருப்பதால் மேசையின் நுண்ணிய அதிர்வு அந்தப் பட்டைகளை இம்மி நகர்த்திவிடுகிறது. பிறகு வகுத்தாலும் அவை எஞ்சும். அடர்ந்த நடுப்பகுதியில் இவை தெரியாது; மெலிந்த ஓரங்களில் அணுக்களின் தடத்தை மூழ்கடித்துவிடும். வெப்பநிலையைக் கணக்கிடுவதோ அந்த ஓரங்களை வைத்துத்தான்.

இதற்கான தீர்வு முகங்களை அடையாளம் காணும் கணினி முறைகளின் கணிதத்திலிருந்து வந்தது. அணுவில்லாத நூறு படங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, அவற்றில் பட்டைகள் எந்தெந்த விதமாக மாறுகின்றன என்பதை முதன்மைக் கூறுகளாகப் பிரிக்கிறார்கள். பிறகு, அணுவுள்ள ஒரு படம் வந்தால், அணுக்கள் இல்லாத ஓரப்பகுதியை மட்டும் பார்த்து, அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கலவையை அந்த நூறு படங்களிலிருந்து தயாரிக்கிறார்கள். அந்த ஒப்புப்படம் கேமரா ஒருபோதும் எடுக்காத படம்; ஆனால் எடுத்த எதையும்விடப் பொருத்தமானது. 2010 வாக்கில் இந்த முறை பரவலாயிற்று. பெங்களூருவின் ராமன் ஆய்வு நிறுவனத்திலும் மீக்குளிர் அணுப் படங்களிலிருந்து பட்டைகளை நீக்க இந்த வழியில் பணி நடந்திருக்கிறது. ஒருபடி மேலே போய், இஸ்ரேலின் டெக்னியான் குழு 2020-இல் ஒப்புப்படமே எடுக்காமல், அணுவுள்ள ஒற்றைப் படத்தின் ஓரத்தைப் பார்த்து நடுவில் என்ன பின்னணி இருந்திருக்கும் என்று ஒரு நரம்பியல் வலையமைப்பை ஊகிக்கவைத்தது.

இந்த வேலைக்குப் பரிசுகள் கிடைப்பதில்லை. புதுப் பருப்பொருள் நிலை ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் கட்டுரை இதழின் அட்டையில் வரும். அதன் வெப்பநிலை எண் எந்தத் திருத்தத்தின் மேல் நிற்கிறது என்பது பின்னிணைப்பில் இரண்டு வரி. என் கணிப்பில் இந்தத் துறையின் நேர்மை அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. நரம்பியல் வலையமைப்பு முறைகளில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. முதன்மைக் கூறுகள் எங்கே தவறும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியும். பழக்கப்படுத்திய வலையமைப்பு, பழக்கத்தில் இல்லாத ஒரு படத்தை எதிர்கொண்டால் என்ன செய்யும் என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. புதியதைத் தேடும் ஆய்வில் வரக்கூடிய படமோ பழக்கத்தில் இல்லாத படம்தான்.

நிழற்படம் கூட்டத்தை அழித்துவிடும். ஒரு படம், ஒரு கூட்டம். அடுத்ததற்கு மீண்டும் பொறி, மீண்டும் குளிர்வித்தல். ஒரே செறிபொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் வேறு வழி வேண்டும். 1996-இல் கெட்டர்லே குழு அந்த வழியைத் திறந்தது. அணு ஒளியை விழுங்குவதோடு விலக்கவும் செய்கிறது. லேசரின் அதிர்வெண்ணை ஒத்ததிர்விலிருந்து தள்ளிவைத்தால் விழுங்கல், விலகல் அளவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒளியின் கட்டமாற்றம் ஒருமடிக்கு எதிர்விகிதத்தில் மட்டுமே குறையும். போதுமான அளவு தள்ளிவைத்தால் கூட்டம் ஏறத்தாழக் கண்ணாடிபோல ஊடுருவத்தக்கதாகிவிடும், ஆனால் ஒளியலையைத் தாமதப்படுத்திக்கொண்டே இருக்கும். அந்தத் தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்றும் உத்தியை டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிகே 1930-களிலேயே கண்டிருந்தார். சாயமேற்றாமல் உயிரணுக்களைப் பார்க்க அது உதவியது, 1953-இல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. உயிரியலாளரின் நுண்ணோக்கி உத்தியை எடுத்து, மாசசூசெட்ஸ் குழு ஒரே செறிபொருளைப் பலமுறை படமெடுத்தது. 1997-இல் அதற்குள் ஒலியலை ஓடுவதைப் படப்படமாகத் தொடர்ந்தது.

இது இலவசம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால், அடர்த்தி குறைந்த கூட்டத்துக்கு, ஒரே அளவு சூடேற்றத்தில் கிடைக்கும் தகவல் இரண்டு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒத்ததிர்விலிருந்து தள்ளிப் போவதால் மட்டும் லாபம் வந்துவிடாது. கூட்டம் ஒளிக்கு அடர்த்தியாக இருக்கும்போதுதான் வரும். செறிபொருள் அடர்த்தியானது என்பதால் அங்கே இந்த முறை வென்றது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் இதன் உறவு முறையொன்றை, ஒளியின் முனைவாக்கத் தளம் திரும்புவதை அளப்பதை, நடைமுறைப் பயனாக்கினார்கள். கூட்டத்தை அழிக்காமல் பார்த்து, அணுக்கள் கூடுதலாக இருந்தால் உடனே சிறிது நேரம் அதிகமாக இழக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் கூட்டம் கிடைக்கும்படி செய்தார்கள். படம் ஆவணமாக இருந்தது போய்க் கட்டுப்பாட்டுக் கருவியாக மாறிய இடம் அது.

இதுவரை சொன்னது எல்லாம் கூட்டத்தின் படம். தனித்தனி அணுவைப் பார்ப்பது வேறு கதை.

எதிரெதிரே வரும் லேசர் கதிர்கள் சேர்ந்து உண்டாக்கும் நிலையலையில், வெளிச்சத்தின் மேடுபள்ளங்கள் அணுக்களுக்கு முட்டைத்தட்டுப் போன்ற குழிகளாகின்றன. இந்த ஒளி அணிக்கோவையில் அணுக்கள், படிகத்தில் எலக்ட்ரான்கள் போல, குழிக்குக் குழி தாவுகின்றன. 2002-இல் மியூனிக்கில் இம்மானுவேல் ப்ளாக்கும் மார்க்குஸ் கிரைனரும் சேர்ந்த குழு, தாவித் திரியும் மீப்பாய்ம நிலையிலிருந்து ஒவ்வொரு குழியிலும் அணுக்கள் அடைபடும் மாட் காப்பு நிலைக்கு அணுக்கள் மாறுவதைக் காட்டியது. காட்டியதும் விரிவு முறையில்தான்: முதல் நிலையில் கூரிய புள்ளிகள், இரண்டாவதில் மங்கல் மேகம். எந்தக் குழியில் எத்தனை அணு என்று யாரும் பார்க்கவில்லை. குழிகளின் இடைவெளி அரை மைக்ரோமீட்டர். அதைப் பிரித்துக் காட்டும் லென்ஸ் வெற்றிடக் கலனுக்கு வெளியே நிற்க, உள்ளே அணுக்கள் வெகு தொலைவில் இருந்தன. 2007-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைஸ் குழு முப்பரிமாண அணிக்கோவையில் தனி அணுக்களைப் பிரித்துப் பார்த்தது. அதற்காகக் குழிகளை 4.9 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு அகற்றி வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இடைவெளியில் அணுக்கள் தாவாது, இயற்பியல் நின்றுவிடும்.

2009-இல் ஹார்வர்டில் கிரைனர் குழுவும் 2010-இல் மியூனிக் அருகே கார்ஷிங்கில் ஷ்டெஃபான் கூர், ப்ளாக் குழுவும் அந்தத் தடையைத் தாண்டின. ஹார்வர்ட் குழு வெற்றிடத்துக்குள்ளேயே ஓர் அரைக்கோளக் கண்ணாடியை வைத்து, அதன் மட்டப்பரப்பிலிருந்து சில மைக்ரோமீட்டர் தொலைவுக்கு அணுக்களைக் கொண்டுவந்தது. ஜெர்மானியக் குழு 700 நானோமீட்டர் பிரிதிறனுள்ள லென்ஸுடன் 532 நானோமீட்டர் இடைவெளியைப் பார்த்தது. பிரிதிறனைவிடச் சிறிய இடைவெளி எப்படித் தெரியும்? அணுக்கள் கட்டங்களில்தான் இருக்க முடியும் என்பது முன்பே தெரிந்ததால். எங்கே இருக்கிறது என்ற கேள்வி, இந்தக் குழியில் இருக்கிறதா இல்லையா என்ற ஆம்-இல்லைக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

லென்ஸைவிட இங்கே கைகொடுத்தது உறையவைக்கும் உத்தி. படமெடுக்கும் கணத்தில் அணிக்கோவையின் ஆழத்தைச் சட்டென்று பல நூறு மைக்ரோகெல்வினுக்கு உயர்த்துகிறார்கள். அணுக்கள் இருந்த குழியிலேயே சிறைப்படுகின்றன. அப்புறம் குளிர்விக்கும் லேசரை வீசுகிறார்கள். அந்த லேசரே அணுவை ஒளிரவும் வைக்கிறது, ஃபோட்டான்களின் உதையில் ஏறும் சூட்டை இறக்கவும் செய்கிறது. ஒரு விநாடிவரை ஒளிரவிட்டு, ஓர் அணுவிடமிருந்து ஆயிரக்கணக்கான ஃபோட்டான்களைக் கேமராவில் சேர்க்கலாம். உதையின் விலையைத் தவிர்க்காமல் தவணையில் செலுத்தும் ஏற்பாடு இது. இழப்பு ஒன்று உண்டு. ஒரே குழியில் இரண்டு அணுக்கள் இருந்தால் ஒளிபட்டதும் மோதி இரண்டுமே வெளியேறிவிடும். மூன்று இருந்தால் ஒன்று மிஞ்சும். ஆகவே படம் காட்டுவது எண்ணிக்கையை அல்ல, ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும். நடுவில் இரண்டிரண்டு அணுக்கள் அடைந்த மாட் நிலை, படத்தில் நடுவே ஓட்டை விழுந்த வளையமாகத் தோன்றும். பின்னாளில், படத்துக்கு முன் ஒவ்வொரு குழியையும் இரண்டாகப் பிளந்து அணுக்களை வெவ்வேறு இடத்துக்கு மாற்றும் முறைகள் வந்து இந்தக் குருட்டுத்தன்மையைப் பெரும்பாலும் போக்கின.

ஒரே நிலையில் குவியக்கூடிய போசான்களுக்கு 2009-இல் முடிந்தது, ஒரே நிலையைப் பகிர மறுக்கும் ஃபெர்மியான்களுக்கு முடிய 2015 ஆயிற்று. எலக்ட்ரான்களைப் போல நடந்துகொள்வது ஃபெர்மியான்கள்தான். மீக்கடத்தியின் புதிர்களை அணுக்களால் போலச்செய்ய நினைத்தவர்களுக்கு வேண்டியதும் அவையே. ஆனால் கையில் இருந்த லித்தியம்-6, பொட்டாசியம்-40 இரண்டும் எடை குறைந்தவை. ரூபிடியத்தைக் குளிர்விக்கும் எளிய லேசர் முறைக்கு அவற்றின் ஆற்றல் மட்டங்கள் இடங்கொடுக்கவில்லை. ராமன் சிதறலை அடிப்படையாகக் கொண்ட குளிர்விப்பு உள்ளிட்ட புதிய முறைகள் படமெடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டன. அந்த ஆண்டு ஹார்வர்ட், மாசசூசெட்ஸ், கார்ஷிங், ஸ்ட்ராத்க்ளைட், டொரான்டோ ஆகிய ஐந்து இடங்களில் ஃபெர்மியான் நுண்ணோக்கிகள் வேலை செய்யத் தொடங்கின. 2017-இல் ஹார்வர்ட் குழு, மேல், கீழ் என்று தற்சுழற்சிகள் மாறிமாறி நிற்கும் எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கைக் குழிக்குக் குழி படமெடுத்துக் காட்டியது. திண்மப் பொருளில் நியூட்ரான் சிதறலை வைத்து மறைமுகமாக ஊகித்ததை இங்கே கண்ணால் எண்ணலாம்.

ஒளியே இல்லாமல் பார்க்கும் வழிகளும் இரண்டு உண்டு. பரவலாகவில்லை, ஆனால் கவனிக்கத்தக்கவை. 2008-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹெர்விக் ஓட் குழு, எலக்ட்ரான் கற்றையைக் குவித்துச் செறிபொருளின் மேல் வரிவரியாக ஓட்டியது. கற்றை படும் அணு அயனியாகி வெளியே இழுக்கப்பட்டு எண்ணப்படுகிறது. எலக்ட்ரானின் அலைநீளம் மிகச் சிறியது என்பதால் பிரிதிறன் 150 நானோமீட்டருக்கும் கீழே வந்தது. கூட்டத்தில் மிகச் சிறு பங்கே அயனியாவதால் மீதி தப்பிப் பிழைத்தது. இரண்டாவது வழி ஹீலியம். கிளர்ச்சியுற்று நீண்ட நேரம் அப்படியே தங்கும் ஹீலியம் அணுவுக்குள் 19.8 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இருக்கிறது. அரை மீட்டர் கீழே வைத்த உணர்தட்டில் விழுந்ததும் அது அந்த ஆற்றலைக் கொட்டி, விழுந்த இடத்தையும் நேரத்தையும் தானே அறிவித்துவிடுகிறது. 2005-இல் பாரிஸ் அருகே ஓர்சேயில் இப்படி ஹீலியம்-4 அணுக்கள் கூட்டுக்கூட்டாக விழுவதைக் கண்டார்கள். 2007-இல் ஆம்ஸ்டர்டாம் குழுவோடு சேர்ந்து ஹீலியம்-3 அணுக்கள் ஒன்றையொன்று விலக்கி விழுவதையும் கண்டார்கள். போசானுக்கும் ஃபெர்மியானுக்கும் உள்ள வேறுபாடு விழும் இடங்களின் புள்ளிவிவரத்தில் அப்படியே வெளிப்பட்டது.

ஒளியின் அலைநீளம் விதிக்கும் எல்லையை ஒளியாலேயே தாண்ட முடியுமா? 2019-இல் சிகாகோ, மேரிலாந்து ஆகிய இரு இடங்களிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடை வந்தது. ஒளிச்செறிவு சுழியாகும் மெல்லிய கோட்டில் இருக்கும் அணுக்கள் மட்டும் வேறு நிலையில் நிற்கும்படி செய்து, அந்தக் கோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். குழிக்குள்ளேயே அணுவின் அலைச்சார்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பது சில பத்து நானோமீட்டர் அளவில் தெரிந்தது. 2021-இல் ஹாம்பர்க் குழு வேறு பக்கமிருந்து வந்தது. அணுக்களும் அலைகள்தான், ஒளிக்கு லென்ஸ் இருப்பதுபோல அணுவலைக்கும் பொறியின் புலத்தை வைத்தே லென்ஸ் செய்யலாம். குறிப்பிட்ட நேரம் பொறியில் ஊசலாடவிட்டு, பிறகு விரியவிட்டு, கூட்டத்தின் அமைப்பையே தொண்ணூறு மடங்கு வரை பெருக்கினார்கள். பெருத்தபின் சாதாரண நிழற்படமே போதுமானது. முப்பரிமாணக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும் என்பது இதன் பெரிய பலம். எர்பியம் அணுக்களோடு பணியாற்றும் ஹார்வர்ட் குழு இன்னொரு வழியில் போனது. 266 நானோமீட்டர் இடைவெளியில் நின்ற அணுக்களை, படத்துக்கு முன் இடைவெளி விரியக்கூடிய துருத்தி அணிக்கோவைக்கு மாற்றி அகற்றிவைத்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கேமராவுக்கு வெளிச்சம் போகும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது.

அணிக்கோவையே இல்லாத வாயுவில் தனி அணுவைப் பார்க்கும் ஆசை 2025 வரை காத்திருந்தது. மாசசூசெட்ஸில் மார்ட்டின் ஸ்வீர்லைன், கெட்டர்லே ஆகியோரின் குழுக்களும் பாரிஸின் எக்கோல் நார்மால் குழுவும் அந்த ஆண்டு தங்கள் முடிவுகளை வெளியிட்டன. வாயு கட்டற்றுத் திரியட்டும், பார்க்க வேண்டிய கணத்தில் மட்டும் அணிக்கோவையைப் போட்டு அணுக்களை இருந்த இடத்தில் பிடித்து நிறுத்து, பிறகு ஒளிரவை. போசான்கள் ஒன்றருகே ஒன்று வந்து சேர்வதும், எதிரெதிர்த் தற்சுழற்சியுள்ள ஃபெர்மியான்கள் இணைசேர்வதும் படத்தில் தெரிந்தன. அணிக்கோவை இங்கே ஆய்வுப்பொருளாக இல்லாமல் கேமராவின் மூடுகதவாகச் செயல்படுகிறது. இவ்வளவு எளிய எண்ணம் ஏன் முன்பே கைகூடவில்லை என்று கேட்கலாம். அணிக்கோவை எழும் வேகத்தில் அணு நகராமலும் சூடேறாமலும் இருக்க வேண்டும், குளிர்விப்பு அந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்க வேண்டும். ஃபெர்மியான் நுண்ணோக்கிக்காக வளர்த்த நுட்பம்தான் இதற்கும் கைகொடுத்தது.

இன்று அழுத்தம் வேறு திசையிலிருந்து வருகிறது. தனித்தனி லேசர்க் குவியங்களில் ஒவ்வோர் அணுவாகப் பிடித்துவைக்கும் ஒளி இடுக்கிகள் குவாண்டம் கணினிக்கான அடித்தளமாகிவிட்டன. அங்கே படம் என்பது விடை படிக்கும் செயல். நூறு அணுக்களில் ஒவ்வொன்றையும் 99 விழுக்காடு சரியாகப் படித்தால், நூறும் சரியாக இருக்கும் படம் மூன்றில் ஒன்றுக்குச் சற்றே மேல், 99.9 ஆனால் பத்தில் ஒன்பது. இரண்டு அணுக்களுக்கு இடையிலான தொடர்பை அளப்பவருக்கு அந்த வேறுபாடு சிறிது. பல அணுக்களின் தொடர்ச்சியை ஒருசேர அளப்பவருக்கோ பிழைதிருத்தம் செய்பவருக்கோ அதுவே எல்லாம். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மானுவேல் எண்ட்ரெஸ் குழு 2019-இல் ஸ்ட்ரான்ஷியம் அணுவை 2,000 முறை திரும்பத் திரும்பப் படமெடுக்கலாம் என்று காட்டியது. அதே குழு 2025-இல் 6,100 சீசியம் அணுக்களைப் பிடித்துவைத்தது; ஒரு படத்துக்கு ஓர் அணு பிழைப்பதற்கான வாய்ப்பு 99.99 விழுக்காடு அளவு. மொத்தத்தில் ஒரு படத்துக்கு ஓர் அணுவுக்கும் குறைவான இழப்பு.

இந்தப் பிழைப்பு வேகத்தை விலையாகக் கேட்கிறது. அணுவைக் குளிர்வித்துக்கொண்டே படமெடுத்தால் சில மில்லிவிநாடி முதல் பல பத்து மில்லிவிநாடிகள் வரை ஆகும். இரண்டு அணுக்களுக்கு இடையிலான ஒரு குவாண்டம் கணக்குச் செயலோ ஒரு மைக்ரோவிநாடிக்குள் முடிந்துவிடும். ஹைடல்பெர்க் குழு 2018-இல் வேறு முனையைத் தொட்டது: எந்தப் பொறியும் இல்லாமல், இரு பக்கமும் மாறிமாறி லேசர் அடித்து, 20 மைக்ரோவிநாடியில் ஒரு லித்தியம் அணுவிடமிருந்து இருபது ஃபோட்டான்களைப் பிடித்து, அதை வைத்தே அதன் இடத்தையும் தற்சுழற்சியையும் அறிந்தது. ஹார்வர்டின் எர்பியம் குழு இதைச் சில மைக்ரோவிநாடிகளுக்குக் குறைத்தது. வேகம் கிடைத்தது, அணு மிஞ்சவில்லை. வேகமும் பிழைப்பும் ஒரே கருவியில் சேர்வது எளிதல்ல. ஒளிர்வை ஒரு பக்கமாகவே திரட்டித் தரும் ஒளியியல் குழிவறைகளுக்குள் அணுக்களை வைப்பது இதற்கு ஒரு வழி. ஆனால் ஆயிரம் அணுக்களை ஒரே நேரத்தில் அப்படிப் படிக்க இன்னும் முடியவில்லை.

அதுவரை, இழப்பை ஏற்றுக்கொண்டு இடைவிடாமல் நிரப்பும் வழிதான் முன்னே நிற்கிறது. 2025-இல் ஹார்வர்டில் மிகைல் லூகின் தலைமையிலான குழு 3,000 அணுக்களுக்கு மேற்பட்ட வரிசையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியது. அணுக்கள் ஒளிக் கதிர்களில் ஏறி வந்துகொண்டே இருக்கின்றன. எந்த இடுக்கி காலி என்று ஒரு பக்கத்தில் படமெடுத்துப் பார்த்து நிரப்புகிறார்கள். ஏற்கெனவே தகவலைச் சுமந்து நிற்கும் அணுக்கள் மேல் அந்த வெளிச்சம் படாதபடி, படமெடுக்கும் இடத்தைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.